ஆறு ஷில்லிங்கும் ஒரு பட்டியலும்

எங்கள் கல்லூரி நூலகத்தின் ஆங்கிலப் பகுதியில், யாரும் குனிந்து பார்க்காத கீழ்த்தட்டில், அட்டை பிய்ந்த நாவலொன்று பல ஆண்டுகளாகக் கிடந்தது. டேவிட் ஸ்டோரி 1960-இல் எழுதிய ‘திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்’. 1963-இல் லிண்ட்சே ஆண்டர்சன் இதைத் திரைப்படமாக எடுத்திருப்பதும் அதில் ரிச்சர்ட் ஹாரிஸ் நடித்திருப்பதும் உலக சினிமா பார்க்கும் நண்பர்கள் அறிந்ததே. வடக்கு இங்கிலாந்தின் தொழில் நகரமொன்றில், விதவைப் பெண்ணொருத்தியின் வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் ஆர்தர் மேச்சின் என்ற தொழிலாளி ரக்பி லீக் ஆட்டக்காரனாகிறான். ஊர்ப் பணக்காரர்கள் அவனுக்கு விலை பேசுகிறார்கள். அவனும் பேசுகிறான். காசோலை கைக்கு வருகிறது.

பேரம் நடக்கும் பக்கங்கள் நாவலில் மிகச் சிலவே. காதலும் வன்மமும் நிறைந்த மற்ற பக்கங்களை விட்டுவிட்டு என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் காசோலை எதற்கானது? ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தனியே கூலி உண்டு. அப்படியாயின் கையெழுத்துக்கென்று ஒரு பெருந்தொகை ஏன்? மேலும் படித்தபின் விளங்கியது. இனி இவன் வேறு எங்கும் ஆடமாட்டான் என்பதற்கான விலை அது. ஸ்டோரிக்கு இது கேள்விச் செய்தியன்று. சுரங்கத் தொழிலாளியின் மகனான அவர் லீட்ஸ் கிளப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டவர். வார நாட்களில் லண்டனின் ஸ்லேட் ஓவியப் பள்ளியில் தூரிகை பிடித்துவிட்டு, வார இறுதியில் ரயிலேறி வடக்கே போய்ச் சேற்றில் புரண்டு ஆடியவர்.

நான் இந்த ஆட்டத்தை ஆடியவனல்லன், நேரில் பார்த்தவனுமல்லன். தமிழ் இலக்கியம் படித்துத் தமிழ் கற்பிக்கிறவனுக்கு ரக்பியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் வேலை ஒப்பந்தத்தில் மட்டுமே. கூலி இழந்த தொழிலாளிக்கு ஈடு கேட்டுப் பிறந்த ஒரு விளையாட்டு, அடுத்த சில பத்தாண்டுகளில் அதே தொழிலாளியைப் பட்டியல் போட்டுக் கட்டிவைத்தது எப்படி என்ற கேள்விதான் இக்கட்டுரையை எழுதவைத்தது. இன்னுமொன்று. கிளப் என்பதற்குக் கழகம் என்ற நல்ல தமிழ்ச்சொல் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் அச்சொல்லுக்கு வேறு வாசனை ஏறிவிட்டது. வள்ளுவரிடம் போனாலோ அது சூதாடுமிடம். ஆகவே கிளப் என்றே எழுதுகிறேன்.

ரக்பியில் இரு வகைகள் உண்டென்பதை மட்டும் அறிந்துகொண்டால் போதும். ரக்பி யூனியன் 15 பேர் ஆடுவது. ரக்பி லீக் 13 பேர் ஆடுவது. இரண்டும் 1895 வரை ஒன்றாகவே இருந்தன. அவற்றைப் பிரித்தது ஆட்ட விதியன்று, கூலி.

இங்கிலாந்தின் தெற்கில் ரக்பி ஆடியவர்கள் பெரும்பாலும் உயர்தரப் பள்ளிகளில் படித்த வசதி படைத்தவர்கள். வடக்கில், யார்க்ஷயரிலும் லங்காஷயரிலும், ஆடியவர்கள் சுரங்கத்திலிருந்தும் நெசவாலையிலிருந்தும் வந்தவர்கள். சனிக்கிழமை வெளியூர் ஆட்டமென்றால் அரைநாள் வேலை போகும். அரைநாள் கூலியும் போகும். அடிபட்டுப் படுத்தாலோ வாரக்கணக்கில் வீட்டில் அடுப்பெரியாது. ஆட்டத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து நுழைகிறார்கள். அக்காசு கிளப்புக்குப் போகிறது. ஆடுகிறவன் மட்டும் கைப்பொருளை இழந்து ஆட வேண்டும். இழந்த கூலியையாவது ஈடு செய்யுங்கள் என்பதே வடக்கத்தியரின் கோரிக்கை. அவ்வாறு இழந்த வேலைநேரத்துக்கு அவர்கள் வைத்திருந்த பெயரைத் தமிழில் ‘உடைந்த நேரம்’ எனலாம். அழகான பெயர்தான்.

தலைமைச் சங்கமான ரக்பி கால்பந்து யூனியன் பணத்தைத் தீட்டாகவே கருதியது. தீட்டு என்ற சொல்லை யோசித்தே எழுதுகிறேன். 1888-இல் பிரிட்டனிலிருந்து ஓர் அணி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கப்பலேறியது. அதிலிருந்த ஹாலிஃபாக்ஸ் ஆட்டக்காரர் ஜாக் க்ளோஸ், பயண உடைகளுக்கென 15 பவுண்டு பெற்றிருந்தார். அது வெளியே தெரிந்தவுடன் அவர் தொழில்முறை ஆட்டக்காரராக அறிவிக்கப்பட்டார். கப்பலிலோ ஏறியாயிற்று. பல மாதங்கள் நீண்ட அப்பயணத்தில் தோழர்கள் ஆட, அவர் கரையில் நின்று பார்த்தார். 15 பவுண்டு தொட்ட கை பந்தைத் தொடலாகாது.

இத்தகைய ‘குற்றங்களை’த் துருவித் துருவிக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ஃபிராங்க் மார்ஷல் என்னும் பாதிரியார். ஆல்மண்ட்பரி இலக்கணப் பள்ளியின் தலைமையாசிரியர். எல்லா ஊர்களிலும் எங்கள் தொழில்காரர்கள் இந்த வேலைக்குக் கிடைத்துவிடுகிறார்கள் என்பதை வருத்தத்துடன் குறித்துவைக்கிறேன்.

1893 செப்டம்பரில் லண்டனில் நடந்த பொதுக்கூட்டத்தில் யார்க்ஷயர்க்காரர்கள் உடைந்த நேரத்துக்கு ஈடு தரும் தீர்மானத்தைக் கொண்டுவந்தனர். தனி ரயில் ஏற்பாடு செய்துகொண்டு திரளாகப் போயிருந்தனர். ஆயினும் 136 வாக்குகளுக்கு எதிராக 282 வாக்குகளால் தீர்மானம் தோற்றது. இரண்டாண்டுகள் பொறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி, வெளியேறினார்கள். 22 கிளப்புகளுடன் வடக்கு யூனியன் பிறந்தது. ரக்பி லீக் என்று பின்னாளில் பெயர் பெற்றது இதுவே. அது தன் ஆட்டக்காரர்களுக்கு அனுமதித்த ஈட்டுத்தொகை நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங்.

இவ்விடத்தில் வடக்கத்தியரைப் புரட்சிக்காரர்களாகக் கற்பனை செய்துகொள்வது எளிது. ஜார்ஜ் ஹோட்டலில் கூடியவர்கள் ஆலை முதலாளிகள், வணிகர்கள், வழக்கறிஞர்கள். சுரங்கத்திலிருந்து கறுத்த முகத்துடன் எவரும் அக்கூட்டத்துக்கு வரவில்லை. 1898-இல் வெளிப்படையாகச் சம்பளம் தர அனுமதித்தபோது, கூடவே ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்கள். ஆட்டக்காரனுக்கு நேர்மையான வேலை ஒன்று இருந்தாக வேண்டும். பில்லியர்ட்ஸ் மேசையில் கணக்கெழுதுவதும், மதுக்கடையில் பரிமாறுவதும், பந்தயத் தரகரிடம் வேலை பார்ப்பதும் நேர்மையான வேலைகளாகா. 1905 வரை இவ்விதி இருந்தது. ஆட்டக்காரனின் கால்களோடு அவன் நடத்தையும் கிளப்பின் பொறுப்பிலேயே இருக்கவேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததற்கு இதுவே சான்று.

இனி ஆள்பிடித்தல். வடக்குக் கிளப்புகள் மைல்கணக்கில் கண் வைத்திருந்த நிலம் வேல்ஸ். அங்கும் சுரங்கங்கள், அங்கும் ஏழைகள், ஆனால் அங்கே ரக்பி யூனியனே தேசிய ஆட்டம், கூலி கிடையாது. ஆகவே தரகர்கள் ரயிலேறி வந்தார்கள். ‘வடக்கே போய்விட்டான்’ என்பது வேல்ஸில் ஒரு மரபுத்தொடராயிற்று. சாவு வீட்டில் பேசும் தொனியில் அதைச் சொல்வார்களாம். தரகரை அடையாளம் கண்டுகொண்டால் உதை. 1899-இல் பெனார்த் என்ற கடற்கரை ஊரில் ஒருவரைக் கடலிலேயே தூக்கிப் போட்டதாகக் கதை. வடக்கே போனவனுக்கு மன்னிப்புக் கிடையாது. யூனியன் ஆட்டங்களில் அவனுக்கு வாழ்நாள் தடை. பழைய தோழர்களின் கிளப் வாசலைக்கூட மிதிக்க முடியாமற் போனவர்கள் பலர். கையெழுத்திடாமல், சோதனை ஆட்டம் ஒன்று ஆடிப்பார்த்தாலே போதும், கதவு மூடிவிடும்.

அதனால் சோதனைக்கு வருகிறவர்கள் பெயரை மறைத்து ஆடினார்கள். பட்டியலில் ‘மற்றொருவர்’ என்றோ ‘திருவாளர் எக்ஸ்’ என்றோ இருக்கும். 1961-இல் ஹல் கிளப்புக்காக அவ்வாறு பெயரின்றி ஆடிய கார்டிஃப் இளைஞர் ஒருவர், அந்த ஒரே ஆட்டத்தில் மூன்று முறை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தார். உடனே ஒப்பந்தம் கிடைத்தது. அவர் பெயர் கிளைவ் சல்லிவன். 1972-இல் பிரிட்டன் அணிக்குத் தலைமையேற்று உலகக் கோப்பையை வென்றார். பிரிட்டனின் தேசிய அணி ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே. ஹல் நகரின் பெருஞ்சாலை ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் நாள் அவருக்குப் பெயரே இல்லை.

பேரம் என்றால் என்னவென்று அறிய பில்லி பாஸ்டனின் கதையைப் படிக்கவேண்டும். 1934-இல் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில் பிறந்தவர். தந்தை சியரா லியோன் நாட்டிலிருந்து வந்தவர். தாய் நெல்லி, ஐரிஷ் வழியினர். கார்டிஃப் கிளப்புக்கும் வேல்ஸுக்கும் ஆடவேண்டுமென்பது பையனின் கனவு. கார்டிஃப் கிளப் அவரை அழைக்கவில்லை. நிறமே காரணம் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அவ்வாறே நினைக்கிறேன். 1953-இல், அவர் கட்டாய இராணுவப் பணியிலிருந்தபோது, விகன் கிளப்பின் நிர்வாகிகள் வீடு தேடி வந்தார்கள். ஐந்து பவுண்டு நோட்டுகளாக ஆயிரம் பவுண்டை மேசைமீது பரப்பினார்கள். அவ்வளவு பணத்தை அவ்வீடு கண்டதில்லை. பையனுக்கு விருப்பமில்லை, தாயிடம் ‘எப்படியாவது அனுப்பிவிடு’ என்றான். தாயும் அவர்களைத் துரத்துவதற்காகவே, மூவாயிரம் தந்தால் கையெழுத்திடுவான் என்றாள். ‘சரி’ என்றார்கள் வந்தவர்கள். பாஸ்டன் பின்னாளில் பலமுறை சொன்ன கதை இது.

சொன்ன சொல்லை மீற அத்தாயால் முடியவில்லை. பையன் கையெழுத்திட்டான். விகனுக்காக மட்டும் 478 முறை கோட்டைத் தாண்டினார் பாஸ்டன், மொத்தம் 571. விகன்வாசிகள் அவரைத் தம் பிள்ளையாகவே கொண்டாடினார்கள். 2023-இல் கார்டிஃப் வளைகுடாவில், கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன் ஆகியோருடன் அவருக்கும் சிலை வைத்தார்கள். ஊர் அவரை ஏற்றுக்கொள்ள எழுபது ஆண்டுகள் ஆயின. 2025-இல் அவருக்கு சர் பட்டம் கிடைத்தது. ரக்பி லீக் ஆட்டக்காரர் எவருக்கும் அதற்குமுன் அப்பட்டம் வழங்கப்பட்டதில்லை.

மூவாயிரம் பவுண்டு என்பது அன்றைய தொழிலாளிக்குப் பல ஆண்டுக் கூலி. அதற்கு முந்தைய ஆண்டு லூயிஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் வீரருக்கு லீட்ஸ் ஆறாயிரம் தந்திருந்தது. இவற்றைப் பார்த்து ஆட்டக்காரர்கள் செழித்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. யூனியனிலிருந்து வருகிறவனுக்கு ஒரே ஒரு முறைதான் பேரம் பேசும் வலிமை உண்டு. கையெழுத்திடுவதற்கு முந்தைய அரைமணி நேரம் அது. இட்டபின் அவன் பெயர் கிளப்பின் பதிவேட்டில் ஏறிவிடும். வாழ்க்கைக் கூலி வென்றால் ஒரு தொகை, தோற்றால் அதனினும் குறைந்த தொகை என்ற கணக்கில் ஓடும். வேறு கிளப்புக்குப் போகவேண்டுமானால் இந்தக் கிளப் விடவேண்டும். விடுவதற்கு விலை வைக்கும். அந்த விலை கிளப்புக்குப் போகும்.

1921-இல் ஹரால்டு பக் என்பவர் ஹன்ஸ்லெட்டிலிருந்து லீட்ஸுக்கு மாறியபோது கைமாறிய தொகை ஆயிரம் பவுண்டு. இந்த ஆட்டத்தில் ஆயிரத்தைத் தொட்ட முதல் மாற்றம் அது. இரண்டு கிளப்புகளும் ஒரே நகரத்தில் இருப்பவை. டிராம் வண்டியில் போய்வரும் தூரம். பக் வேலைக்குப் போகும் வழி மாறியிருக்கும், அவ்வளவே. ஆனால் அவரை வைத்திருந்தவர்கள் ஆயிரம் பவுண்டு பெற்றார்கள். மாற்றுத் தொகை வளர்ந்த வேகம் வியப்புக்குரியது: 1950-இல் ஜோ ஈகனுக்காக லீ கிளப் விகனுக்குத் தந்தது ஐயாயிரம், 1961-இல் மிக் சல்லிவனுக்காக செயின்ட் ஹெலன்ஸ் தந்தது பதினோராயிரம், 1992-இல் மார்ட்டின் ஓஃபையாவுக்காக விகன் தந்தது 4,40,000 பவுண்டு.

புறப்பாட்டில் பரிசில் கடாநிலை என்றொரு துறை உண்டு. புலவன் கொடையாளியிடம் தனக்குரியதைக் கேட்டு நிற்கும் துறை. பெருஞ்சித்திரனார் இளவெளிமான் தந்த அற்பப் பரிசிலை வேண்டாமென்று தள்ளிவிட்டுக் குமணனிடம் போனார். அங்கே பெற்ற யானையைக் கொண்டுவந்து இளவெளிமானின் காவல்மரத்தில் கட்டிவிட்டும் போனார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் முகம் மலரும். புலவரின் மிடுக்குக்குக் காரணம் புலமை மட்டுமே என்றுதான் நெடுங்காலம் சொல்லிவந்தேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. குமணன் இருந்தான், குமணனிடம் போகும் வழி திறந்திருந்தது. இளவெளிமானின் பதிவேட்டில் புலவரின் பெயர் எழுதப்பட்டிருந்து, அவன் விடுவித்தாலன்றிக் குமணன் அவர் பாட்டைக் கேட்கக்கூடாது என்று வேந்தர்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்திருந்தால் புறநானூறு எவ்வாறு இருந்திருக்கும்?

இங்கிலாந்தைப் போலவே ஆஸ்திரேலியாவிலும் ரக்பி லீக் ஒரு தொழிலாளியின் காயத்திலிருந்தே பிறந்தது. சிட்னியின் முடிதிருத்துநரான அலெக்ஸ் பர்டன் 1907-இல் யூனியன் ஆட்டத்தில் அடிபட்டு வேலைக்குப் போக இயலாமற் கிடந்தார். ஈடு ஏதும் கிடைக்கவில்லை. இது குறித்த பேச்சுகள் நடந்த இடம் விக்டர் ட்ரம்பரின் விளையாட்டுப் பொருட் கடை. ஆம், கிரிக்கெட் அன்பர்கள் இன்றும் பெருமூச்சுடன் பெயர் சொல்லும் அதே மட்டையாளர் ட்ரம்பர்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸ் லீக் உருவாயிற்று. கூட்டம் சேர்க்க ஒரு நட்சத்திரம் வேண்டியிருந்தது. டாலி மெசஞ்சரைத் தவிர அதற்கு வேறெவரும் இல்லை. ட்ரம்பரும் ஜேம்ஸ் கில்டினனும் டபுள் பே பகுதியிலிருந்த அவர் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். யாரிடம்? தாய் ஆனியிடம். கார்டிஃபில் நெல்லிக்கு நேர்ந்தது அவளுக்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்பே சிட்னியில் ஆனிக்கு நேர்ந்திருக்கிறது. தாய் ஒப்பினாள்; மகன் கையெழுத்திட்டான். யூனியன் அவர் சாதனைகளைத் தன் ஏடுகளிலிருந்து நீக்கியது.

சிட்னியில் தொடக்கத்தில் கிளப் மாறும் பேச்சுக்கே இடமில்லை. எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறாயோ அந்த வட்டாரத்துக்கே ஆடவேண்டும் என்பது விதி. 1959 வரை இது நீடித்தது. மாற நினைத்தவன் வீட்டையே மாற்றவேண்டும். ஆற்றைத் தாண்டி ஓர் உறவினர் முகவரியைக் கொடுப்பதும் உண்டு. விதி போனபின் பணக்காரக் கிளப்புகள் எல்லோரையும் அள்ளிவிடுமே என்ற அச்சம் பிறந்தது. அதற்குக் கிளப்புகள் கண்ட மருந்து இங்கிலாந்துப் பதிவேட்டின் மறுபதிப்பு. ஆண்டுதோறும் ஒவ்வொரு கிளப்பும் ஒரு தக்கவைப்புப் பட்டியலைத் தரும். ஐ.பி.எல். ஏலங்களால் இச்சொல் நமக்குப் பழகிவிட்டது. ஆனால் சிட்னிப் பட்டியலின் கொடுமை வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்தபின்னும் கிளப் ஒருவரைப் பட்டியலில் வைத்திருக்கலாம். அவருக்குச் சல்லிக்காசு தரவேண்டிய கடமையில்லை. அவரோ வேறெங்கும் ஆடக்கூடாது.

டென்னிஸ் டட்டி அப்பட்டியலில் இருந்தார். பால்மெய்ன் கிளப்புக்கு 1964 முதல் ஆடியவர். 1967-இல் ஆஸ்திரேலியாவுக்கும் ஆடினார். தம் ஆட்டத்துக்கு உரிய விலை கிடைக்கவில்லை என்று கருதினார். ஒப்பந்தம் முடிந்ததும் விடுவிக்கக் கேட்டார். கிளப் மறுத்தது. பெயர் பட்டியலில் இருந்தது. டட்டி ஆட மறுத்தார். 1969 முழுவதும் ஆடவில்லை.

அந்த ஆண்டின் இறுதியாட்டத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். எதிரணி சவுத் சிட்னி. நட்சத்திரங்கள் நிறைந்த அணி. அதுவே வெல்லும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. பால்மெய்ன் 11-2 என்று வென்றது. சிட்னிக்காரர்கள் இன்றும் கதைகதையாகச் சொல்லும் வெற்றி அது. இங்கிலாந்தின் விகனிலிருந்து வந்திருந்த டேவ் போல்ட்டன் இரண்டு முறை பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைத்தார். கடலுக்கு அப்பாலிருந்து ஒருவர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்து பால்மெய்ன் சட்டையணிந்து கோப்பையைத் தொட்டார். பதினெட்டு வயதுப் பருவத்திலிருந்து அச்சட்டையை அணிந்த டட்டி வெளியே இருந்தார்.

இங்கே என் சொந்தக் கதை சிறிது. முதுகலை முடித்த புதிதில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். சேரும் நாளில் மூலச் சான்றிதழ்களை அலுவலகத்தில் ஒப்படைக்கச் சொன்னார்கள். பாதுகாப்புக்காக என்றார்கள். இரண்டாண்டு கழித்து வேறு கல்லூரியில் அழைப்பு வந்தபோதுதான் எதற்குப் பாதுகாப்பு என்பது விளங்கிற்று. மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார் அலுவலக மேலாளர். கையில் பணமில்லை. அழைப்பு காலாவதியாயிற்று. என் பட்டங்கள் ஓர் இரும்பு அலமாரியில் இருந்தன. நான் தினமும் அந்த அலமாரியைக் கடந்து வகுப்புக்குப் போனேன். இதைப் படிக்கும் ஆசிரிய நண்பர்கள் பலருக்கு இது புதுக் கதையாக இராது. நீதிமன்றம் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போயிருக்கமாட்டேன். டட்டி போனார். இந்தக் கட்டுரையை அவருக்காக எழுதுகிறேன் என்றும் கொள்ளலாம்.

வழக்கில் அவருக்கு முன்னோடி ஒருவர் இருந்தார். கால்பந்து வீரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹம், நியூகாசில் கிளப்புக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் 1963-இல் இங்கிலாந்து நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், இத்தகைய தக்கவைப்பு முறை தொழில் செய்யும் உரிமைக்கு நியாயமற்ற தடை என்று தீர்ப்பளித்திருந்தார். டட்டி முதலில் மாநில உயர்நீதிமன்றத்தில் வென்றார். லீக் மேல்முறையீடு செய்தது. 1971 டிசம்பரில் ஆஸ்திரேலியத் தலைமை நீதிமன்றம் டட்டிக்கே ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் ‘பக்லி எதிர் டட்டி’ என்று படிப்பது இதனையே. பக்லி என்பவர் லீக்கின் தலைவர்.

லீக் தரப்பு வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லவேண்டும். பட்டியல் இல்லையேல் பணமுள்ள கிளப்புகள் திறமையாளர் அனைவரையும் வாங்கிவிடும், போட்டி சமனிழக்கும், பார்க்க ஆள் வராது, பிறகு யாருக்குமே கூலி கிடையாது. நீதிபதிகள் இந்த அக்கறையை மறுக்கவில்லை. அணிகள் வலுவாகவும் சமமாகவும் இருக்கவேண்டுமென்பது நியாயமான நோக்கமே என்றார்கள். ஆனால் ஒப்பந்தம் முடிந்த ஒருவரைச் சம்பளமும் தராமல் நிறுத்திவைப்பது அந்நோக்கத்துக்குத் தேவையானதைவிட வெகுதூரம் போகிறது என்றார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, வாரம் ஒருமுறை ஆடிப் பணம் பெறுவதும் தொழிலே, அதைச் செய்கிறவனுக்கும் தொழிலாளிக்குரிய சட்டப் பாதுகாப்பு உண்டு என்று அவர்கள் ஏற்றுக்கொண்டது. ஹடர்ஸ்ஃபீல்டில் ஆறு ஷில்லிங் கேட்டவர்களின் வழக்கும் அடிப்படையில் இதுவே.

டட்டி பின்னர் பென்ரித் கிளப்புக்கும் ஈஸ்டர்ன் சபர்ப்ஸ் கிளப்புக்கும் ஆடினார். இறுதியில் பால்மெய்னுக்கே திரும்பினார். தீர்ப்பால் மற்றவர்களின் சம்பளம் ஏறியது. அவருடைய 1969 அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஏனெனில் அங்கிருந்து கதை வழக்கறிஞர்களுடையதாகவும் தொலைக்காட்சி முதலாளிகளுடையதாகவும் ஆகிவிடுகிறது. 1990-இல் லீக் சம்பள உச்சவரம்பைக் கொண்டுவந்தது. ஒரு கிளப் தன் ஆட்டக்காரர் அனைவருக்குமாகச் செலவிடக்கூடிய தொகைக்கு எல்லை. கூடவே, ஒப்பந்தம் முடிந்தவர்களைக் கிளப்புகள் வரிசைப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளும் முறையையும் புகுத்தியது. ஆட்டக்காரன் எங்கு போகிறான் என்பதில் அவனுக்குச் சொல்லில்லை. டெரி ஹில் என்ற இளைஞர் தாம் விரும்பிய கிளப் ஒன்றிருக்க வேறொன்றுக்கு ஒதுக்கப்பட்டார். மீண்டும் நீதிமன்றம், 1991-இல் அம்முறையும் வீழ்ந்தது. பட்டியலைப் பின்வாசல் வழியே கொண்டுவர முயன்றார்கள் என்றே இதை நான் வாசிக்கிறேன். உச்சவரம்பு மட்டும் நிலைத்தது.

1995-இல் நடந்தது தனி நாவலுக்குரியது. ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் லிமிடெட், தொலைக்காட்சி உரிமைக்காக சூப்பர் லீக் என்ற போட்டி லீக்கை உருவாக்க முனைந்தது. மார்ச் இறுதியிலும் ஏப்ரல் முதல் நாளிலுமாக, இரவோடிரவாக, ஆட்டக்காரர்களை இரகசியமாக அழைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். கெர்ரி பேக்கரின் ஆதரவு பெற்ற பழைய லீக்கும் பணப்பையைத் திறந்தது. அதுவரை எண்ணிப்பாராத தொகைகள். அதே ஆண்டில்தான் ரக்பி யூனியனும், ஜார்ஜ் ஹோட்டல் கூட்டத்துக்குச் சரியாக நூறாண்டு கழித்து, ஆகஸ்டில் சம்பளத்தை அனுமதித்தது. ‘வடக்கே போன’ முதியவர்கள் பழைய வாசல்களில் மீண்டும் நுழையலாம் என்றாயிற்று.

அந்த அமளியில் கேன்டர்பரி கிளப்பின் நால்வர் நிலை விசித்திரமானது. மெக்ராக்கன், பே, டிமாக், ஸ்மித் ஆகிய நால்வரும் சூப்பர் லீக்குக்குக் கையெழுத்திட்டனர். பிறகு மனம்மாறிப் பழைய லீக்கின் பாரமட்டா கிளப்புக்குப் போவதாகக் கையெழுத்திட்டனர். கிளப்புக்கு எதிராக வழக்கு ஒருபுறம். அதே கிளப்புக்காக ஆட்டம் மறுபுறம். செப்டம்பரில் அந்த நால்வரில் மூவருடன் கேன்டர்பரி 17-4 என்று இறுதியாட்டத்தை வென்றது. அடுத்த ஆண்டு அவர்கள் பாரமட்டாவில். ஒருவரோடொருவர் வழக்காடிக்கொண்டே ஒரே அணியாக வெல்லவும் மனிதர்களால் முடிகிறது. 1997-இல் இரு லீக்குகள் தனித்தனியே நடந்து, இரண்டும் நட்டப்பட்டு, 1998-இல் தேசிய ரக்பி லீக் என்ற பெயரில் ஒன்றாயின.

சம்பள உச்சவரம்பு நீதிமன்றத்தில் விழாமல் கணக்குப்புத்தகத்தில் விழுந்தது. 2002-இல் கேன்டர்பரி பிடிபட்டு 37 புள்ளிகளை இழந்தது. 2010 ஏப்ரலில் மெல்பர்ன் ஸ்டார்ம் கிளப் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் இரண்டு ஆவணங்கள் வைத்திருந்தது வெளிப்பட்டது: லீக்கிடம் காட்ட ஒன்று, உண்மையில் கொடுக்க ஒன்று. 2007, 2009 ஆண்டுகளின் கோப்பைகள் பறிக்கப்பட்டன. அவ்வாண்டு முழுவதும் வென்றாலும் புள்ளி கிடையாது என்ற நிலையில் அந்த அணி ஆடியது. 1880-களில் யார்க்ஷயர்க் கிளப்புகள் திருட்டுத்தனமாகப் பணம் கொடுத்ததும், மார்ஷல் பாதிரியார் அதைத் துருவியதும் நினைவுக்கு வருகின்றன.

இன்று ஆஸ்திரேலியாவில் ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டை எட்டும் ஆட்டக்காரர், முந்தைய ஆண்டு நவம்பர் 1 முதல் வேறு கிளப்புகளுடன் வெளிப்படையாகப் பேசலாம். ஆகவே அடுத்த ஆண்டு எதிரணிக்குப் போகப்போகிறவர் என்று ஊரறிந்த ஒருவர், இந்த ஆண்டு முழுவதும் இந்த அணிக்காக எலும்பு நொறுங்க ஆடுகிறார். இரசிகர்கள் சிலர் அவரைத் துரோகி என்கிறார்கள். கிளப் ஒருவரை வேண்டாமென்று அனுப்பும்போது அச்சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை.

2025-இல் ஆர்360 என்ற பெயரில் ஒரு புதிய ரக்பி யூனியன் போட்டி அறிவிக்கப்பட்டது. பெரும்பணம் காட்டி ரக்பி லீக் ஆட்டக்காரர்களையும் அழைத்தது. அக்டோபரில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையம், அங்கீகாரமில்லாத அத்தகைய போட்டியில் சேரும் எவருக்கும், சேர்த்துவிடும் தரகருக்கும், பத்தாண்டுத் தடை என்று அறிவித்தது. அடுத்த மாதம் அந்தப் போட்டியின் தொடக்கம் 2028-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.